கிரயப் பத்திரத்தின் கடைசிப் பத்தி

ரேகா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்த காலையில் கோத்தகிரியில் வெயில் நன்றாக அடித்தது. பங்குனி மாதத்து மலை வெயில் முதுகில் ஊசிபோலக் குத்தும். நிழலுக்குள் ஒதுங்கினால் உடனே குளிரும். சாந்தாமணி வாசற்படியில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "உள்ள வரலாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள் ரேகா.

அந்தக் கேள்வியே புதிது. சரிவுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைனில் பத்து வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் அவள். அம்மா மாரியாயி தேயிலை பறிக்கப் போகிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இந்த வீட்டுக்குத்தான் வருவாள். சமையலறையில் தட்டை அவளே எடுத்துக்கொள்வாள். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அனுமதி கேட்டு இந்தக் கேட்டைத் திறந்தவள் இல்லை.

"வா கண்ணு. அதென்ன புதுசாக் கேக்கறே?"

ரேகா வந்தாள், ஆனால் உட்காரவில்லை. "பிரசாத் அண்ணன் வால்வை மூடி இன்னிக்கு ஒம்பது நாள் ஆச்சுங்க."

சாந்தாமணிக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவின் உச்சியில் ஓர் ஊற்று இருக்கிறது. அதைத் தொட்டி கட்டித் தேக்கி, ஒரு குழாயை வீட்டுக்கும் இன்னொன்றை லைனுக்கும் விட்டிருந்தார்கள். மகன் பிரசாத் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் முன்பு வந்தவன், வீட்டை ஒட்டி நான்கு அறைகள் கட்டி, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தான். வெயில் காலத்தில் ஊற்று மெலிந்தது. லைனுக்குப் போகிற குழாயை மூடினான். பஞ்சாயத்துத் தண்ணீர்தான் அவர்களுக்கு வருகிறதே என்றான். பஞ்சாயத்துத் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வந்தது. சாந்தாமணி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டது சாப்பிடும்போதெல்லாம் உறுத்தியது.

ரேகா பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து நீட்டினாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய நகல். இந்த வீட்டையும் ஒன்றரை ஏக்கர் தேயிலையையும் 1988இல் வாங்கிய கிரயப் பத்திரம்.

"வக்கீல் வாங்கிப் பாக்கச் சொன்னாருங்க. கடைசிப் பக்கம் பாருங்க."

கண்ணாடி இல்லாமலேயே சாந்தாமணிக்கு அந்த எழுத்துகள் தெரிந்தன. 'ண' மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. அந்த மெஷினில் 'ண' எப்போதும் அப்படித்தான் விழும். பக்கத்தின் அடியில், எழுதியவர் சிவகுரு என்பதற்குக் கீழே: தட்டச்சு செய்தவர், பெ. சாந்தாமணி.

"இது நீங்கதானுங்களா?"

"நாந்தான்."

"கேஸ் போடப் போறோமுங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போட மனசு வரல." ரேகா தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நகலை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

பீன்ஸ் அப்படியே கிடந்தது. சாந்தாமணி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பத்திர எழுத்தர் சிவகுருவின் அலுவலகம் 1988இல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில், ஒரு பேக்கரிக்கு மாடியில் இருந்தது. காலையில் பன் வேகிற வாசனையும் கார்பன் தாள் வாசனையும் சேர்ந்து அடிக்கும். மழைக்காலத்தில் முத்திரைத்தாள் நமுத்துப்போகும் என்று அவற்றை அடுப்புக் கரி வைத்த இரும்புச் சட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பார். சாந்தாமணிக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அன்னூரிலிருந்து வந்து மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்தவர். மகள் ஹையர் டைப்ரைட்டிங் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று சிவகுருவிடம் கொண்டுவந்து விட்டார். நாளைக்கு ஐந்து பத்திரம் அடிப்பாள். 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடனும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல்கள் அடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர். விற்கிறவர் சில்வஸ்டர், டீ ஃபேக்டரியில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் இருக்கும் மகளிடம் போய்ச் சேரப் போகிறார். வாங்குகிறவன் மருதாசலம், காரமடையிலிருந்து மலை ஏறி வந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தவன். வயது இருபத்தாறு. சொந்த நிலம் வாங்குவது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் பேசி முடித்த பிறகு சில்வஸ்டர் சொன்னார்: "லைன் ஆளுங்க நம்ம ஊத்துலதான் தண்ணி எடுக்காங்க. நான் இருந்தவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. தம்பியும் விட்டுட்டாச் சரி. வாய்வார்த்தை போதும் எனக்கு."

சிவகுரு தாராளமானவர். "வாய்வார்த்தை எதுக்கு, ஒரு வரி போட்டுரலாம்," என்று சொல்லி, 'மேற்படி லைன் குடியிருப்பவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்வதில் கிரயம் பெறுபவருக்கு ஆட்சேபணை இல்லை' என்று சொல்லச் சொல்ல, சாந்தாமணி மெஷினில் விரலை வைத்தாள்.

"இருங்க அம்மிணி," என்றான் மருதாசலம். அறைக்குள் வந்ததிலிருந்து அவன் அவளைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு சிவகுருவிடம் திரும்பினான். "ஏனுங்க, இன்னிக்கு ஆட்சேபணை இல்லீங்க. நாளைக்கு வந்துட்டா?"

"உனக்கா? உனக்கு வராதப்பா, பாத்தாலே தெரியுது."

"வருமுங்க. நானும் வெள்ளாமை பண்றவன். தண்ணி கம்மியாச்சுன்னா யாருக்கும் வரும்." அவன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "எங்கம்மா பன்னெண்டு வருசம் அடுத்தவங்க கிணத்துல தண்ணி சேந்துனாங்க. அவங்க ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லீங்க. ஆனா ஒரு நாளும் கும்பிடு போடாமச் சேந்த முடியாது. அந்த ஊட்டுல கல்யாணமுன்னா எங்கம்மா போயிப் பாத்திரம் தேய்க்கோணும். யாரும் தேய்க்கச் சொல்லலீங்க. ஆனாத் தேய்க்கோணும்."

சில்வஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் விடறேன்னு எழுதுனா அது என்ற தயவுங்க. தயவுன்னா அவங்க எனக்குக் கும்பிடு போடோணும். விட்டே ஆகோணும்னு எழுதுங்க. அப்ப நாந்தான் அவங்களுக்குப் பதில் சொல்லோணும். எனக்கு மட்டுமில்லீங்க, எனக்குப் பொறந்து வர்றதுக்கும் சேத்து எழுதுங்க."

சிவகுருவுக்கு இது பிடிக்கவில்லை. நாற்பது வருடமாக எழுதுகிறேன், வாங்குகிறவன் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டச் சொல்லி நான் பார்த்ததில்லை என்றார். பிறகு என்ன வார்த்தை போடுவதென்று யோசித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார். சாந்தாமணிதான் மெதுவாகச் சொன்னாள்: "கடமைப்பட்டவர்னு போடலாங்களா சார்?"

அப்படித்தான் அந்தக் கடைசிப் பத்தி வந்தது. 'மேற்படி ஊற்றிலிருந்து மேற்படி லைன் குடியிருப்பவர்களுக்குத் தடையின்றித் தண்ணீர் விடக் கிரயம் பெறுபவரும் அவருடைய வாரிசுகளும் பின்னிட்டு உரிமை பெறுபவர்களும் கடமைப்பட்டவர்கள் ஆவார்கள்.' தாளில் இடம் போதவில்லை. வேறு முத்திரைத்தாள் கைவசம் இல்லை. உருளையை அரை வரி அரை வரியாகத் திருப்பி நெருக்கி அடித்தாள். அடித்து முடித்து நிமிர்ந்தபோது அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. அந்த வீட்டுக்கே அவள் வாழ வந்தாள்.

சாயங்காலம் பிரசாத் வந்ததும் அவள் நகலை அவன் முன்னால் வைத்தாள். அவன் படித்தான். படிக்கும்போது நெற்றியைத் தேய்த்துக்கொள்வது அவன் அப்பாவுக்கும் இருந்த பழக்கம். மருதாசலம் மாரடைப்பில் இறந்தபோது பிரசாத்துக்குப் பத்து வயது. பழக்கம் வந்திருந்தது, மனிதர் அவனுக்கு ஞாபகத்தில் அதிகம் இல்லை.

"அப்பா தர்மத்துக்கு விட்டாருங்கம்மா. தர்மம் பண்றவர் போயிட்டா அதோட சரி."

"தர்மமில்ல கண்ணு. படிச்சியில்ல?"

"இது யாரோ சொருகினதாட்ட இருக்குது. பாருங்க, மத்த பத்தியெல்லாம் எட்டி எட்டி இருக்குது, இது மட்டும் நெருக்கமா இருக்குது. வித்தவர் போறப்பச் சொருகியிருப்பார். அப்பா பாக்காமக் கையெழுத்துப் போட்டிருப்பார்."

"அடிச்சது நானு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அம்மா டைப்பிஸ்டாக இருந்தது அவனுக்குத் தெரியும். இந்தப் பத்திரம் தெரியாது. அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். காரமடைக் கிணறு வரைக்கும் சொன்னாள். அதற்குள் அவன் போன் அடித்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். பேசி முடித்துவிட்டு எழுந்தான்.

"அவங்க கோர்ட்டுக்குப் போகட்டும். நானும் வக்கீல் வெச்சுக்கறேன். நீங்க இதுல தலையிடாதீங்கம்மா."

"என்னைச் சாட்சிக்குக் கூப்புட்டா?"

"கூப்புட்டா ஞாபகமில்லைன்னு சொல்லுங்க. முப்பத்தஞ்சு வருசமாச்சு. யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க."

அது உண்மைதான். சிவகுரு இல்லை, சில்வஸ்டர் இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் இல்லை. அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் அவள் ஒருத்திதான். ஞாபகமில்லை என்றால் அது முடிந்த கதை. மகனோடு ஒரே வீட்டில், அவன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவள் அப்படிச் சொன்னால் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மாரியாயிகூட, "பெத்த மனசு, என்ன பண்ணும்?" என்றுதான் சொல்லுவாள்.

அந்த ஆடி முழுக்க மழையில்லை. வழக்கு நடந்தது. கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டதால் லைனுக்குக் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் போனது. வீட்டில் அம்மாவும் மகனும் சோறு, குழம்பு, மோர் என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் சம்மன் வந்தது. சாட்சி சொல்லப் போகிற காலையில் சாந்தாமணி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். விடாத தூறல். பிரசாத் காரை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"ஏறுங்க. நனைஞ்சுட்டுப் போய் நிப்பீங்களா?"

தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிற அம்மாவை அவனே கூட்டிக்கொண்டு போனான். கோர்ட்டு வாசலில் இறக்கிவிட்டு, "குடை எடுத்துக்குங்க," என்றான். அவள் குடையை எடுத்துக்கொண்டாள்.

ரேகா தரப்பு வக்கீல் கேட்டதற்கு அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிரசாத்தின் வக்கீல் தங்கவேலு பிறகு எழுந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, இந்தக் கடைசிப் பத்தி கையெழுத்தெல்லாம் ஆன பிறகு சொருகினதுன்னு நான் சொல்றேன்."

"இல்லீங்க. கையெழுத்துக்கு முந்தியே அடிச்சது. தாள்ல இடம் பத்தல, வேற தாள் இல்ல. அதனால நெருக்கி அடிச்சேனுங்க."

"விற்றவர் கேட்டதாலதான் போட்டாங்க?"

"விற்றவர் வாய்வார்த்தை போதும்னாருங்க. வாங்கினவர்தான் போடச் சொன்னார்."

"தனக்கு எதிரான ஷரத்தைத் தானே போடச் சொன்னாரா?"

"ஆமாங்க."

தங்கவேலு தாளைப் புரட்டினார். "சரிங்கம்மா. உங்க கணவர் இருந்தப்ப இந்தக் குழாயை மூடணும்னு உங்க வீட்டுல பேச்சு வந்ததே இல்லையா? நீங்களே சொன்னதில்லையா?"

யார் சொல்லி அவருக்குத் தெரிந்ததோ, சும்மா எறிந்து பார்த்த கல்லோ, தெரியாது. சாந்தாமணிக்கு முகம் சூடாகிவிட்டது. இல்லை என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. அவள் அதைச் சொல்லக் கேட்ட மருதாசலமும் செத்துப்போனார். பின்வரிசையில் பிரசாத் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு வரிசை முன்னால் மாரியாயி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

"சொன்னேனுங்க," என்றாள். "பிரசாத்துக்கு எட்டு வயசு இருக்கறப்ப. மூணு மாசம் மழையில்ல. தேயிலைக்குப் பக்கத்துல அரை ஏக்கர் குத்தகைக்குப் புடிச்சுக் கேரட் போட்டிருந்தோம், கண்ணு முன்னால வாடிட்டு இருந்துச்சு. அவங்களுக்குப் பத்து நாள் மூடுங்க, செத்தா போயிருவாங்கன்னு நாந்தான் கேட்டேன். நாந்தான் அந்த வரியை அடிச்சவ, நானே கேட்டேனுங்க."

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூடினாரா?"

"ஸ்பேனர் எடுத்துட்டு மேல போனார். எனக்கு வாசல்ல இருந்து தெரியுது. தொட்டிகிட்ட உக்காந்திருந்தார், ரொம்ப நேரம். அப்புறம் இறங்கி வந்துட்டார். ஏனுங்க, மூடலையான்னு கேட்டேன்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீதிபதி, தண்ணீர் கொடுக்கும்படி சைகை காட்டினார். அவள் வேண்டாமென்று தலையசைத்துவிட்டுச் சொன்னாள். "'மூடறதுக்கு எனக்கு மனசு வந்துருச்சு சாந்தா. நல்லவேளை, அன்னிக்கு என்ற மனசை நம்பாம எழுதி வெச்சேன்'னு சொன்னாருங்க. கேரட் போயிருச்சு. அந்த வருசம் நான் அவர்கூடச் சரியாப் பேசல."

தங்கவேலு கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போதும் கார்தான். மாரியாயி கோர்ட்டு வாசலில் அவள் கையிலிருந்த குடையை வாங்கி விரித்துக் கொடுத்தாள். காருக்குள் பிரசாத், "கண்ணாடியை ஏத்திக்குங்க, சாரல் அடிக்குது," என்றதோடு சரி. வழியில் கட்டபெட்டு ஊரைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினான்.

தீர்ப்பு கார்த்திகைக் கடைசியில் வந்தது. ஷரத்து செல்லும், அது நிலத்தோடு போகிறது, வாங்கியவரையும் வாரிசையும் கட்டும் என்று வந்தது. தங்கவேலு அப்பீல் போகலாம் என்றார். பிரசாத் பார்க்கலாம் என்றான், ஆனால் போகவில்லை. நான்கு அறையில் இரண்டை மூடினான். கூரை ஓட்டில் விழும் மழைத் தண்ணீரைப் பிடிக்க வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்ட ஆள் விட்டான். ரேகா முன்போல வீட்டுக்குள் வந்து போக ஆரம்பிக்கவில்லை. வழியில் பார்த்தால் நின்று பேசினாள். பேச்சில் இருந்த 'ங்க' மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. அது சாந்தாமணிக்கு வலித்தது. ஆனால் மாரியாயி குழாயடியில் நின்று, மேலே தேயிலைக்குள் நிற்கிற சாந்தாமணியைப் பார்த்து, "என்னங்கம்மா, இன்னிக்குத் தண்ணி கலங்கலா வருது, தொட்டியைக் கழுவக் கூடாதா?" என்று சத்தமாகக் குறை சொன்ன நாளில், அவளுக்கு ஏனோ மனசு லேசாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறைகளில் யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே பிரசாத் கேட்டான்.

"அப்பா அதுக்கப்புறம் அந்த ஆபீசுக்கு வந்தாரா?"

"எந்த ஆபீஸ்?"

"பத்திரம் எழுதற ஆபீஸ்தான். கோர்ட்டுல நீங்க அவர் பேசறாப்பலயே பேசினீங்க. அவர் குரல் எனக்கு மறந்தே போச்சும்மா."

அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டு நின்றான். சாந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்தாரு. ரிஜிஸ்டர் ஆகி ஒரு வாரத்துல வந்தாரு. பேருல பிழை இருக்குது, மருதாச்சலம்னு ஒரு 'ச்' சேத்து அடிச்சுட்டீங்கன்னார். நான் அலறிட்டேன். பதிஞ்ச பத்திரத்துல பேர்ப்பிழைன்னா என்ற வேலையே போயிரும். எடுத்துப் பாத்தா சரியாத்தான் இருக்குது. அடுத்த வாரம் வந்து சர்வே நம்பர் தப்புன்னார். அதுவும் சரியா இருக்குது. மூணாந்தடவை வந்தப்ப சிவகுரு சாரே சொல்லிட்டார், 'தம்பி, பத்திரத்துல இன்னும் நாலு பக்கம் இருக்குது, வாரம் ஒண்ணா வந்தா ஒரு மாசம் ஓட்டலாம்'னு."

பிரசாத் திரும்பினான். ஒன்பது பத்து மாதத்துக்குப் பிறகு அவன் சிரிப்பதைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு மாசமும் வந்தாரு," என்று சொல்லிவிட்டு, அந்த நான்காம் வாரத்தில் பேக்கரி மாடிப்படியில் நடந்ததை அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தான்.